குறத்தி பார்த்த கையும் கணியர் பார்த்த வானும்

சென்ற கல்வியாண்டில் நம் மாணவர் ஒருவர் ஓர் ஐயத்தோடு வந்தார். அரபுக் கல்லூரியில் ஓதிக்கொண்டே அஞ்சல் வழியில் தமிழ் இளங்கலையும் பயில்பவர் அவர். பாடத்தில் திருக்குற்றாலக் குறவஞ்சி வைக்கப்பட்டிருந்தது. குறி கேட்பது மார்க்கத்தில் விலக்கப்பட்டிருக்க, குறி சொல்வதையே நடுப்பொருளாகக் கொண்ட நூலைப் படித்துத் தேர்வெழுதுவது ஆகுமா என்பது அவர் கேள்வி. குறிகாரனிடம் சென்று கேட்பவரின் நாற்பது நாள் தொழுகை ஏற்கப்படாது என்னும் கருத்தில் ஸஹீஹ் முஸ்லிமில் வரும் நபிமொழியையும் எடுத்துக்காட்டினார். நபிமொழி சரி, அவர் கொண்ட பொருளும் சரி. ஆயின் நூலை அவர் இன்னும் திறந்தே பார்க்கவில்லை என்பது பேச்சினூடே தெரிய வந்தது.

அவரைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. தென்காசியிலிருந்து குற்றாலம் ஒரு நடைத் தொலைவு. சாரல் காலத்தில் அருவிக்குச் செல்லாத முஸ்லிம் குடும்பம் இப்பக்கத்தில் அரிது. அந்த மலையைப் பாடிய நூலோடு மட்டும் நமக்கு உறவில்லாமற் போயிற்று. குறியும் சோதிடமும் வானநூலும் ஒரே மூட்டையாகக் கட்டப்பட்டு, அம்மூட்டை வாசலுக்கு வெளியே வைக்கப்பட்டுவிட்டது. அதை அவிழ்த்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் நூலை நோக்குவோம். தென்காசியை அடுத்த மேலகரத்தைச் சார்ந்தவர் திரிகூடராசப்பக் கவிராயர். பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மதுரையை ஆண்ட முத்து விசயரங்க சொக்கநாத நாயக்கர் இந்நூலைப் பாராட்டி நிலம் வழங்கினார் என்றும், அந்நிலமே 'குறவஞ்சி மேடு' எனப் பெயர் பெற்றது என்றும் கூறுவர். கதை யாவரும் அறிந்ததே. குற்றாலநாதரின் உலாவைக் காண்கிறாள் வசந்தவல்லி, காதல் கொள்கிறாள், நிலவை நொந்து பேசுகிறாள், தோழியைத் தூது விடுகிறாள், கூடல் இழைத்துப் பார்க்கிறாள். அப்போது குறத்தி வருகிறாள். மலைவளமும் தான் சுற்றிய நாடுகளும் தான் பெற்ற பரிசுகளும் பாடி, கையைப் பார்த்துக் குறி சொல்லி, பரிசில் பெற்றுச் செல்கிறாள். பின்னர் சிங்கன் அவளைத் தேடி அலைந்து காண்பதோடு நூல் நிறைவுறுகிறது.

இக்குறத்தி எதைப் பார்க்கிறாள் என்று கேட்டுப் பார்க்கவேண்டும். அவள் வானத்தைப் பார்ப்பதில்லை. பிறந்த நாள் எது, நாழிகை எது, இராசி எது என்று அவள் வினவுவதில்லை. தரையை மெழுகச் சொல்கிறாள். நிறைநாழி வைக்கச் சொல்கிறாள். பல்லியின் ஒலியையும் தும்மலையும் காகத்தின் குரலையும் கவனிக்கிறாள். முகத்தையும் கையையும் நோக்குகிறாள். பிறகு அவள் சொல்வது என்ன? உலா வந்தவரைக் கண்டதனால் உனக்கு இந்தக் காய்ச்சல் என்கிறாள். தலைவி சினந்து, உண்மையாயின் அவர் பெயரைச் சொல் என்று மடக்குகிறாள். குறத்தி பெயரை நேரே சொல்லாமல், 'திரி', 'கூடம்' என்ற சொற்களைப் பிரித்தும் சேர்த்தும் விளையாடி, திரிகூடநாதர் என்று கேட்போரே கண்டுகொள்ளும்படி செய்கிறாள்.

இதில் எதிர்காலம் எங்கே இருக்கிறது? குறத்தி உரைத்தது அனைத்தும் முன்பே நடந்து முடிந்தது. அவையில் இருந்த ஒவ்வொருவரும் கண்டது. தலைவியின் உள்ளத்தில் இருப்பதும் தலைவியால் சொல்ல இயலாததுமான ஒன்றை இன்னொரு பெண் அவளுக்காக வாய்திறந்து சொல்கிறாள். இக்காட்சியின் ஆற்றல் அதில்தான் உள்ளது. கவிராயர் குறியை நம்பினாரா இல்லையா என்பது வேறு செய்தி. நூலுக்குள் குறி செய்யும் வேலை வெளிப்படுத்துதலே. மறைவானவற்றை அறிவது இறைவனுக்கு மட்டுமே உரியது என்ற கொள்கையில் நிற்பவர், இந்த இடத்தில் அஞ்சுவதற்கு எதுவும் இல்லை என்பது நம் கருத்து. அஞ்சவேண்டிய இடம் ஒன்று உண்டெனில் அது குறத்தி வருவதற்கு முன்பே வந்துவிடுகிறது.

அது கூடல் இழைத்தல். மணலில் கண்ணை மூடி வட்டம் வரைந்து, முனைகள் கூடினால் தலைவன் வருவான், கூடாவிடில் வரமாட்டான் எனக் கொள்வது அது. சுழிகளை எண்ணி இரட்டையா ஒற்றையா என்று பார்ப்பதும் உண்டு. அரபு நூல்களைப் பயின்றவர்க்கு இது புதிதன்று. 'இல்முர் ரமல்' என்னும் மணற்குறி மணலில் இட்ட புள்ளிகளை ஒற்றை இரட்டை பார்த்துப் பதினாறு வடிவங்களாக அமைத்துப் பலன் உரைப்பது. இப்னு கல்தூன் தம் முகத்திமாவில் இதை விரிவாக எடுத்து மறுக்கிறார். முற்காலத்து நபி ஒருவர் கோடு வரைந்ததாக ஒரு நபிமொழியில் குறிப்பு வருகிறதே என்று கேட்போர்க்கு, அந்தக் கோட்டோடு நம் கோடு பொருந்துகிறதா என அறிய வழியில்லை என்று உலமாக்கள் விடை பகர்ந்துள்ளனர். வசந்தவல்லி கோடு வரைகிறாள். அது அவளுக்கு உதவவில்லை. பிறகே குறத்தி வருகிறாள். எதிர்காலத்தைக் கேட்ட கை வெறுங்கையாய் நிற்க, நிகழ்காலத்தைக் கண்ட கண்ணுக்குப் பரிசில் கிடைக்கிறது. கவிராயர் இதை எண்ணி அமைத்தாரா என்று நாம் அடித்துச் சொல்லமாட்டோம். அமைப்பு அவ்வாறு இருக்கிறது.

வானம் இந்நூலில் இடம்பெறும் முறையும் கருதத்தக்கது. தேனருவியின் நீர் வான்வழியெங்கும் சிதறிப் பரவ, ஞாயிற்றின் தேரும் குதிரைகளும் அங்கே கால் நிலைக்காமல் தடுமாறுவதாகக் குறத்தி தன் மலையைப் புகழ்கிறாள். மனிதரின் விதியைத் தன் கையில் வைத்திருப்பதாகச் சோதிடர் கூறும் கோள், குற்றாலத்துச் சாரலில் வழுக்கி விழுகிறது! நாடு நகரங்களை அடுக்கும் பகுதி நமக்குச் சற்று நீளமாகவே படுகிறது. ஆயினும் இந்த ஒரு கற்பனைக்காக அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

இனி தென்காசிக்கு வருவோம். தக்கலையில் அடங்கியிருக்கும் பீர்முகம்மது அப்பா (ரஹ்) அவர்கள் பிறந்த ஊர் தென்காசி என்பது வழிவழி வரும் செய்தி. நெசவுத் தொழில் செய்தவர்கள். பதினேழாம் நூற்றாண்டினர் எனப் பொதுவாகக் கருதப்படுபவர்கள். ஞானப்புகழ்ச்சி, ஞானமணிமாலை, பிஸ்மில் குறம், ஞானக்குறம் முதலிய பல நூல்களை அருளிய அவர்கள் 'ஞானரத்தினக் குறவஞ்சி' என்றும் ஒரு நூல் பாடியிருக்கிறார்கள். கால வரிசையில் இது கவிராயரின் நூலுக்கு முந்தியது என்பதை மறந்துவிடலாகாது. இதைக் குற்றாலக் குறவஞ்சிக்கு எழுந்த மறுப்பு என்று சிலர் மேடைகளில் பேசக் கேட்டிருக்கிறோம்; அது காலக்கணக்கை அறியாத பேச்சு. குறம் என்னும் இலக்கிய வகை அதற்கு முன்பே தமிழில் இருந்தது. குமரகுருபரரின் மீனாட்சியம்மை குறம் அக்காலத்ததே.

அப்பா அவர்கள் இவ்வகையிலிருந்து எதை எடுத்துக்கொண்டார்கள், எதை விட்டார்கள் என்று பார்க்கும்போதுதான் அவர்களின் தெளிவு புலப்படுகிறது. கை பார்க்கும் காட்சியை அவர்கள் எடுக்கவில்லை. சிங்கனும் சிங்கியும் உரையாடும் பகுதியை எடுத்தார்கள். குற்றாலக் குறவஞ்சியில் சிங்கன், சிங்கியின் காலிலும் கழுத்திலும் கிடக்கும் அணிகளைச் சுட்டி ஒவ்வொன்றும் யாதென வினவ, அவள் விடை சொல்கிறாள். ஞானரத்தினக் குறவஞ்சியிலும் சிங்கனே வினவுகிறான். சிங்கியே விடை சொல்கிறாள். ஆனால் முதல் வினாவே ஆதிக்கு முன் இருந்தது யாது என்பது. விடை ஒளியைச் சுட்டுகிறது. நாளை என்ன நிகழும் என்ற கேள்விக்கு அந்நூலில் இடமே இல்லை. நான் யார், எங்கிருந்து வந்தேன் என்பதே அங்குக் கேட்கப்படும் குறி. குறத்தி ஆசிரியையாகிவிட்டாள். அந்நூலின் மெய்ஞ்ஞானக் கருத்துகளில் நம் ஆலிம்களிடையே உடன்பாடும் உண்டு, மறுப்பும் உண்டு. அவ்வழக்கை நாம் ஈண்டு எடுக்கவில்லை. குறி என்பதை அஞ்சி விலக்காமல், அதன் வடிவத்தை வைத்துக்கொண்டு கேள்வியை மாற்றிய இலக்கியத் துணிவையே இங்குச் சுட்டுகிறோம்.

இவ்வாறு பிரித்தறியும் பயிற்சி நம் அரபு மரபில் முன்பே இருந்தது. வானின் இயக்கத்தைக் கணக்கிடும் 'இல்முல் ஹைஆ' வேறு. கோள்களைக் கொண்டு பலன் உரைக்கும் 'அஹ்காமுந் நுஜூம்' வேறு. ஆனால் 'முனஜ்ஜிம்' என்ற ஒரே சொல் இருவரையும் குறித்தது. தமிழிலும் அவ்வாறே 'கணி' என்ற சொல் கணக்கறிந்தவரையும் பலன் சொல்பவரையும் ஒருசேரக் குறித்தது. சொல் ஒன்றாயிருந்தால் ஆட்களும் ஒன்றாகிவிடுகிறார்கள்.

நம் வரலாறு இதில் தூயதாய் இருந்தது என்று எழுதினால் அது பொய்யாகும். கலீஃபா அல்மன்ஸூர் பக்தாத் நகருக்குக் கால்கோள் செய்ய 762 ஜூலை 30-ஐத் தேர்ந்து கொடுத்தவர்கள் நவ்பக்தும் மாஷாஅல்லாஹ்வும் ஆகிய சோதிடர்கள். பிற்காலத்தில் சோதிடத்தின் பேராசிரியராய் விளங்கிய அபூ மஃஷர், ஹதீஸ் பயின்றவராகவே தம் வாழ்வைத் தொடங்கியவர் என்று இப்னுந் நதீம் தம் ஃபிஹ்ரிஸ்தில் குறிக்கிறார்! இந்தியாவிலிருந்து பிரம்மகுப்தரின் சித்தாந்தம் பக்தாத் சென்று 'ஸிந்த்ஹிந்த்' ஆனது, அது கணக்கு. பலன் நூலும் பயணம் செய்தது, அதுவும் எதிர்த்திசையில். வடநாட்டுச் சோதிடர் ஆண்டுப்பலன் பார்க்கும் 'தாஜிகம்' என்னும் முறையின் பெயரே அரபியரைச் சுட்டும் பாரசீகச் சொல். நீலகண்டர் 1587-இல் எழுதிய தாஜிக நூலில் இத்தசாலம், முந்தா என வருபவை இத்திஸால், முன்தஹா என்னும் நம் அரபுச் சொற்களே. ஓரை, கேந்திரம் என்பன அதற்கும் முன்னர்க் கிரேக்கத்திலிருந்து வந்தவை. ஆதலின் சோதிடம் இந்துக்களுடையது, அறிவியல் நம்முடையது என்று கோடு போடுவோர் இரண்டு பக்கமும் தவறுகிறார்கள்.

அல்பீரூனியின் நிலை இன்னும் நுட்பமானது. 1029-இல் அவர் எழுதிய 'அத்தஃப்ஹீம்' என்னும் நூல் ரைஹானா என்ற பெண்மணிக்காக வினாவிடை வடிவில் அமைந்தது. வடிவியல், எண், வானியல், நிலவியல், உஸ்துர்லாப் கருவி ஆகிய அனைத்தையும் கற்பித்த பின்னரே கடைசியில் சோதிடத்துக்கு வருகிறார். அதன்மீது தமக்குள்ள நம்பிக்கைக் குறைவையும் மறைப்பதில்லை. இந்தியாவைப் பற்றிய தம் பெருநூலில், கிரகணத்தின் உண்மைக் காரணத்தை அறிந்திருந்தும் இராகுவின் கதைக்கு இடம் கொடுத்தமைக்காகப் பிரம்மகுப்தரை அவர் கடிந்துகொள்கிறார். அறியாதவரை அவர் கடியவில்லை. அறிந்தும் கூட்டத்துக்கு இணங்கியவரையே கடிந்தார். இந்தக் கண்டிப்பு ஆலிம்களாகிய நம்மையும் தொடும்.

கிரகணம் என்றதும் நம் உள்ளத்தில் எழுவது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அருமை மைந்தர் இப்ராஹீம் மறைந்த நாள். அன்று சூரியன் மறைக்கப்பட்டது; மக்கள் அம்மறைவையும் இம்மறைவையும் இணைத்துப் பேசினர். எவருடைய இறப்புக்காகவோ பிறப்புக்காகவோ இவை மறைவதில்லை என்று நாயகம் (ஸல்) அவர்கள் அப்பேச்சை அங்கேயே நிறுத்தினார்கள். மகனை இழந்த தந்தையின் நாளில் இது சொல்லப்பட்டது என்பதை நினைக்கவேண்டும். அக்கிரகணம் கி.பி. 632 ஜனவரி 27-இல் நிகழ்ந்தது என்பது இன்றைய வானியலாரின் கணிப்பு. இப்னு தைமிய்யா (ரஹ்) அவர்கள் இவ்விடத்தில் செய்த திறனாய்வை நம் மாணவர்கள் பெரும்பாலும் அறிவதில்லை. இப்ராஹீம் பிறை பத்தில் இறந்தார் என்ற வாக்கிதியின் செய்தியை அவர்கள் தள்ளுகிறார்கள். காரணம், சூரிய கிரகணம் மாதக் கடைசியில், நிலவு மறைந்திருக்கும் நாளில்தான் நிகழும். பிறை பத்தில் நிகழாது. வானின் கணக்கு இங்கே வரலாற்றுச் செய்தியைத் திருத்தும் அளவுகோலாகிறது. பலன் சொல்வதைக் கடுமையாக மறுத்த அதே அறிஞரே கணக்கை இவ்வாறு கையாண்டார்.

தமிழகத்துக் கணக்கும் குறைந்ததன்று. ஜான் வாரன் 1825-இல் சென்னையில் வெளியிட்ட 'காலசங்கலித' நூலில் புதுச்சேரியில் தாம் கண்ட தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவரைப் பற்றி எழுதியிருக்கிறார். தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களைக் கொண்டு அவ்வாண்டின் சந்திர கிரகணத்தை அவர் கணித்தார். தொடக்கம் சில நிமிட வேறுபாட்டில் பொருந்தியது. முடிவு ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகப் பிசகியது. நிலவுக்கு மட்டும் 248 வாக்கியங்கள். ஏடும் கருவியும் இல்லாமல் இதைச் செய்த அந்த நினைவாற்றலைக் குர்ஆனை மனனம் செய்வோர் உடனே உணர்ந்து மதிப்பர்.

அதே வாக்கியக் கணக்கு பலனோடு பிணைக்கப்படும்போது என்ன ஆகிறது என்பதற்கும் அண்மையில் சான்று கிடைத்தது. சனி கும்பத்தில் புகுந்தது திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17. வாக்கியப்படி டிசம்பர் 20. திருநள்ளாற்றில் பெயர்ச்சி விழா நடந்தது வாக்கியப்படியே. வானில் சனி ஒன்று. இடைப்பட்ட பதினொரு மாதம் ஒருவருக்கு நன்மையா தீமையா என்பதற்கு இரு கணக்கும் இரு விடை சொல்லும். கணக்கில் பிழை நேர்வது இயல்பு, பார்த்துத் திருத்தலாம். பலனை எதைப் பார்த்துத் திருத்துவது? ஒன்று அனுபவமாக நிலைபெற அது மீண்டும் மீண்டும் நிகழவேண்டும், கோள்களின் கூட்டங்களோ மனித வாழ்நாளைக் கடந்த இடைவெளிகளில் வருபவை என்று இப்னு கல்தூன் எழுப்பிய தடை இன்றும் நிற்கிறது. சனி ஒரு சுற்று வர ஏறத்தாழ இருபத்தொன்பதரை ஆண்டு. ஒருவர் காண்பது இரண்டு சுற்று, மிஞ்சினால் மூன்று.

குற்றாலநாதர் கோயிலில் ஆண்டுதோறும் சித்திரை விசு, ஐப்பசி விசு என இரு திருவிழாக்கள் நடைபெறுகின்றன. விசு என்பது பகலும் இரவும் சமமாகும் நாளின் பெயர். இன்று அச்சமநாள் மார்ச் 20, 21-லும் செப்டம்பர் 22, 23-லும் வருகிறது. விழாவோ ஏப்ரல் நடுவிலும் அக்டோபர் நடுவிலும் வருகிறது. அயனம் மெல்ல நகர்ந்ததால் ஏறத்தாழ எழுபது ஆண்டுக்கு ஒரு நாளாகச் சேர்ந்த இடைவெளி இது. 1,500 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வானப் பார்வை ஒன்றின் தழும்பு ஒரு திருவிழாவின் பெயரில் தங்கியிருக்கிறது. தேரோட்டத்துக்கு வழிவிட்டு நிற்கும் நம் கடைக்காரர்களுக்கு இதைச் சொன்னபோது அவர்கள் வியந்து கேட்டார்கள்.

மழையின் செய்தியும் உண்டு. குற்றாலத்தில் அருவி நிறைவது ஆனி, ஆடி மாதங்களில். மலைக்கு அப்பால் மலையாள நாட்டார், ஞாயிறு ஒவ்வொரு நட்சத்திரத்திலும் தங்கும் பதின்மூன்று, பதினான்கு நாளை 'ஞாற்றுவேல' என்பர். அவற்றுள் திருவாதிரைக்குரியது மழைக்குப் பெயர்பெற்றது. செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூரைச் சார்ந்திருந்ததால் இக்கணக்கு இப்பக்கத்துக்கும் அயலன்று. பழைய அரபியரிடம் இதே கணக்கு 'அன்வா' என்ற பெயரில் இருந்தது. நிலவின் மனாஸில் இருபத்தெட்டு, ஒவ்வொன்றுக்கும் பதின்மூன்று நாள், ஒன்றுக்கு மட்டும் பதினான்கு, ஆக 365. நம் கார்த்திகை அவர்களின் துரையா, ரோகிணி தபரான், கேட்டை கல்ப். இப்னு குதைபா இதற்கெனவே நூல் எழுதினார். ஹுதைபிய்யாவில் இரவு மழை பெய்த மறுகாலை, இன்ன நட்சத்திரத்தால் மழை பெற்றோம் என்பவரைப் பற்றி வந்த எச்சரிக்கையை நாம் அறிவோம். நட்சத்திரமே மழை தந்தது என்று நம்புவதே அங்கு மறுக்கப்பட்டது. இன்ன நட்சத்திரத்தின் காலத்தில் பெய்தது என்பது காலத்தைக் குறிப்பது மட்டுமே, எனினும் வேறு சொல்லால் கூறுவது தமக்கு விருப்பம் என்று இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அல்உம்மில் விளக்குகிறார்கள். ஒரு சொல்லுக்குள் இருக்கும் இரு பொருளைப் பிரித்து, குற்றம் எதில் உள்ளது என்று காட்டும் இம்முறையே இலக்கியத் திறனாய்வுக்கும் வேண்டுவது.

இன்று நம் நிலை என்ன? தஸ்ரீஹ், ஷரஹ் சக்மீனி போன்ற வானநூல்கள் ஒரு காலத்தில் மதரஸாப் பாடங்களாக இருந்தன. இன்று பெரும்பாலான இடங்களில் அவை அலமாரியில்கூட இல்லை. பால் கிதாபு மட்டும் இருக்கிறது. ஸஃபர் மாதத்தைப் பீடை மாதம் என்று திருமணம் தள்ளிவைப்போர் இருக்கிறார்கள். ஒடுக்கத்துப் புதன் இன்னும் சில வீடுகளில் வருகிறது. குறவஞ்சியைத் தொட அஞ்சும் வீட்டிலேயே இது நடக்கிறது. கணக்கை விட்டோம், பலனை வைத்துக்கொண்டோம். பிறை காரணமாக ஒரே ஊரில் பெருநாள் இரண்டு நாளாகப் பிரிந்தபோது, தத்துவப் பிறை, காட்சிப் பிறை என்று உரத்துப் பேசியவர்களில் பலர் நிலவு எந்தத் திசையில் எத்தனை நாழிகை நிற்கும் என்று ஒரு மாலைகூடப் பார்த்தவர்கள் அல்லர். நாமும் அக்கூட்டத்தில் இருந்தோம் என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

2010 ஜனவரி 15 வெள்ளிக்கிழமை, ஜும்ஆ நேரத்தை ஒட்டியே கங்கண கிரகணம் நிகழ்ந்தது. கன்னியாகுமரியிலும் தனுஷ்கோடியிலும் முழு வளையம் தெரிந்தது. நண்பகலில் வெயில் மங்கிய அந்த நாளில், கிரகணத் தொழுகை எவ்வாறு தொழுவது என்று பள்ளிக்கு வந்தவர்கள் நம்மிடம் கேட்டார்கள். அது ஏன் அந்த நேரத்தில் நிகழ்கிறது என்று ஒரு சிறுவன் மட்டும் கேட்டான். முதல் கேள்விக்கு உடனே விடை சொன்னோம். இரண்டாவதற்கு ஒரு வாரம் கழித்து, நூல் பார்த்துச் சொன்னோம்.

ஐயம் கேட்ட மாணவரிடம் திரும்புவோம். நூலைப் படிக்கச் சொன்னோம், படித்தார். கூடல் இழைக்கும் பகுதியில் மணற்குறியைப் பற்றிய குறிப்பை ஓரத்தில் அரபியில் எழுதி வைத்திருந்தார். ஞானரத்தினக் குறவஞ்சியையும் கேட்டு வாங்கிச் சென்றார். ஜூலை 16 அன்று பிற்பகல் 2.57 மணிக்கு மக்காவின் உச்சியில் ஞாயிறு நிற்கும். அந்நேரத்தில் நட்ட கோலின் நிழல் கிப்லாவுக்கு நேர் எதிர்த்திசையில் விழும் என்று வகுப்பில் கூறியிருந்தோம். அவரும் வேறு நால்வரும் கல்லூரி முற்றத்தில் கோல் நட்டுக் காத்திருந்தார்கள். குற்றாலத்துச் சாரல் தென்காசி வரை இறங்கி நின்றது, நிழல் விழவில்லை. அடுத்த மே 28-க்கு, பிற்பகல் 2.48 என்று தேதியைக் குறித்துக்கொண்டு கலைந்தார்கள்.